குளத்தை நிமிர்த்திய கண்ணாடி

சண்டை முடிந்து ஊரில் மீள்குடியேறிய இரண்டாம் வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஒவ்வொரு பாடசாலையும் ஒரு நூதனசாலை மூலை அமைக்க வேண்டும், பழைய பொருட்களை வைத்து விஞ்ஞானம் வளர்ந்த கதையை மாணவர்களுக்கு விளக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்போது எங்களிடம் கூரையுள்ள கட்டடம் ஒன்றுதான் இருந்தது. மலசலகூடத்துக்குக் கதவு கிடையாது. அதிபர் சுற்றுநிருபத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

“விஞ்ஞான ரீச்சர் நீங்கள்தானே,” என்றார்.

“பழைய பொருளுக்கு எங்க போறது, சேர்? எங்களிட்ட இருக்கிறதெல்லாம் போன வருசம் நிவாரணத்தில தந்தது.”

“ஊர்ச் சனத்திட்டக் கேட்டுப் பாருங்கோவன்.”

நான் சரி என்றேன். அதிபருக்கு அது அதிசயமாக இருந்திருக்கும். நான் எதற்கும் ஒரு மணித்தியாலம் வாதாடாமல் சம்மதிக்கிற ஆள் இல்லை. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. ஊரில் ஏதோ ஒரு வீட்டில் என் கணவருடைய லெவல் இருந்தது. அதை வெளியே வரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

லெவல் என்பது நிலத்தின் மட்டம் பார்க்கிற கருவி. முக்காலியின் மேல் ஒரு பித்தளைக் குழாய் இருக்கும், தொலைநோக்கி போல. அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்தவர். கந்தோருக்குப் புதுக் கருவிகள் வந்தபோது இந்தப் பழையதைக் கழித்துவிட்டார்கள். இவர் அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சனி ஞாயிறுகளில் ஊரவர்களின் வாய்க்கால்களுக்கு மட்டம் பார்த்துக் கொடுப்பார். குழாய்க்குப் பின்னால் அவர் குனிந்து நிற்க, தூரத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கலியாணப் பேச்சில் இதை யாரும் எங்கள் வீட்டாருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் குழாயில் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். அது பழுதல்ல. நானூறு வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியில் ஒரு கணித அறிஞர், இரண்டு குவிவுவில்லைகளை வைத்துத் தொலைநோக்கி செய்யலாம் என்று எழுதினார். காட்சி தெளிவாக இருக்கும், ஆனால் தலைகீழாக இருக்கும். மூன்றாவது வில்லை ஒன்றைப் போட்டு நிமிர்த்தலாம் என்றும் அவரே எழுதிவைத்தார். ஆனால் வில்லை கூடினால் வெளிச்சம் குறையும். மட்டம் பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம்தான் முக்கியம், மரம் எந்தப் பக்கம் வளர்ந்தால் அவர்களுக்கு என்ன. ஆகவே தலைமுறை தலைமுறையாக அவர்கள் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடியே வாய்க்காலும் றெயில் பாதையும் போட்டார்கள்.

இதற்குத் தோதாகக் கோலில் எண்களைத் தலைகீழாக எழுதியிருப்பார்கள். குழாயில் பார்க்கும்போது அவை நேராகிவிடும். ஆக, அந்த வட்டத்துக்குள் எண்கள் மட்டும் நேர், கோலைப் பிடித்திருக்கிற நான் தலைகீழ். புதிதாகக் கலியாணம் முடித்த காலத்தில் அவர் அங்கிருந்து கத்திச் சொன்னார்.

“வௌவால் மாதிரித் தொங்கிறீர். கோலைச் சரிக்காதையும்.”

“நானும் ஒருக்காப் பாக்கட்டே?”

“நீர் இஞ்ச வந்தால் அங்க கோலை ஆர் பிடிக்கிறது?”

கேள்வி நியாயமானது. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். எத்தனையோ வருடம் கோல் பிடித்தேன், அந்தப் ‘பிறகு’ மட்டும் வரவில்லை. அளவு எடுத்து முடிந்ததும் அவர் வலது கையை உயர்த்துவார். அதுவரை கோலும் அசையக்கூடாது, நானும் அசையக்கூடாது. சில நாட்களில் கையை உயர்த்த மறந்து எழுதிக்கொண்டிருப்பார். நான் வெயிலில் நின்று அவரை மனதுக்குள் ஏசிக்கொண்டிருப்பேன்.

ஊரைவிட்டு ஓடியபோது லெவலை ஒரு நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள் வைத்து வேப்பமரத்தடியில் புதைத்தார். முக்காலியும் கோலும் பரலுக்குள் அடங்கவில்லை, வீட்டுக்குள்ளேயே விட்டோம். பிறகு இடம் மாறி இடம் மாறி, கடைசியில் ஒரு கடற்கரையில் தறப்பாள் கூடாரத்தில் இருந்தோம். அங்கே ஒரு காலை தண்ணீர் எடுக்கக் கானோடு போனவர் திரும்பி வரவில்லை. கண்டவர் ஒருவரும் இல்லை. சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் விசாரித்தேன், கந்தோர் கந்தோராகப் போய் விசாரித்தேன். இருந்த ஒரே படமும் வழியில் தண்ணீரில் நனைந்து கூழாகிவிட்டது. அவர் கண் வைத்த இடத்தில் ஒரு தரம் என் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு மிஞ்சியிருந்த ஆசை.

அடம்பனுக்கும் கட்டுக்கரைக் குளத்துக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊருக்கு என்னை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது நேரே வேப்பமரத்தடிக்குத்தான் போனேன். மரம் நின்றது. குழி திறந்து கிடந்தது. வீட்டில் கூரையும் கதவுகளும் யன்னல்களும் இல்லை, ஆனால் நடு அறையில் ஒரு தேக்கு அலுமாரி நின்றது. அது எங்களுடையதல்ல. யார் கொண்டுவந்து வைத்தார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊரில் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். முதல் பஸ்களில் வந்தவர்கள் திறந்து கிடந்த வீடுகளில் இருந்தவற்றைக் காவலுக்கு எடுத்துவைத்தார்கள். அப்படித்தான் சொல்வார்கள், காவலுக்கு என்று. பாதி உண்மையும்கூட. பின்னால் வந்தவர்கள் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவருடைய வீட்டுக்குள்ளும் யாராவது எட்டிப்பார்ப்பார்கள். ஒரு வீட்டில் எனக்கு என்னுடைய கோப்பையிலேயே தேத்தண்ணி தந்தார்கள். நல்ல கோப்பை என்றேன். ஓம் என்றார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிவிட்டேன்: வீட்டில் பழைய கருவி எது இருந்தாலும் நூதனசாலைக்கு இரவல் தரலாம், அது எங்கிருந்து வந்தது என்று ரீச்சர் கேட்கமாட்டா. அந்தக் கடைசிப் பகுதியைப் பிள்ளைகள் வீட்டில் சரியாகச் சொன்னார்களா என்று மறுநாள் ஒவ்வொருவராக விசாரித்தேன். என் வீட்டு அலுமாரியை உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுபோய், காட்சிக்கு வைக்கிற அலுமாரி ஆக்கினேன். பள்ளிக்கூடத்தில் அதை வைத்த அறைக்கும் கதவு இல்லை.

முதலில் வந்தது ஒரு செப்புப் புனல். தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பெண் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் வார்க்கப் பாவித்ததாம். பார்த்தவுடனே தெரிந்தது, அது மழைமானியின் மேல்பாகம். அதற்கு ஒரு குறிப்பு எழுதி ஒட்டினேன். கொரியாவில் ஒரு அரசன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் ஊராக ஒரே அளவுப் பாத்திரம் கொடுத்து மழையை அளக்கச் சொன்னான், பெய்தது எவ்வளவு என்று தெரியாமல் வரி கேட்பது சரியில்லை என்று நினைத்தானாம், என்று எழுதினேன். பிள்ளைகள் மணந்து பார்த்துவிட்டு, கொரியாவில் மண்ணெண்ணெயா பெய்தது என்று கேட்டார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு, முன்பு வீட்டு முற்றத்தில் மழை அளந்து கந்தோருக்கு அறிவித்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். புனலை எடுத்து விளிம்பைத் தடவினார்.

“எங்கட வீட்டில இருந்ததுக்கு இந்த இடத்தில ஒரு நெளிவு,” என்றார். “இதில நெளிவு இல்லை.”

“தட்டி எடுத்திருப்பினம்,” என்றேன்.

மறுநாள் புனல் இல்லை. இருந்த இடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. தேத்தண்ணிக் கடைப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமே என்று போனேன். நான் வாயைத் திறக்க முந்தியே அவள் சொன்னாள், “அது போகட்டும் ரீச்சர், நான் வேறை புனல் வாங்கிட்டன்.” அவள் முகத்தில் பல்வலி நின்ற ஆளின் நிம்மதி. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நூதனசாலை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஊர் அதை வேறு தேவைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

அதன் பிறகு பொருட்கள் வரிசையாக வந்தன, வரிசையாகப் போயின. இரண்டு வழக்கங்களை யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் கடைப்பிடித்தார்கள். எடுத்துப் போகிறவர் வெறும் இடத்தை விட்டுப் போகமாட்டார், கத்தரிக்காயோ முட்டையோ வைத்துவிட்டுப் போவார். கொண்டுவருகிறவர் பழுதான பொருளைக் கொண்டுவரமாட்டார். நெளிவு எடுத்து, துரு சுரண்டி, பூச்சுப் பூசித்தான் கொண்டுவருவார். இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு அது மரியாதை.

சுவர் மணிக்கூட்டைக் கொண்டுவந்தவர் சைக்கிள் கடைக்காரர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி இருந்தவர், முதல் பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர். பழுதான சாமானைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அது ஊசற்குண்டு ஆடுகிற பழைய மணிக்கூடு. இத்தாலியில் ஒரு தேவாலயத்தில் ஆடிய விளக்கைப் பார்த்து, தன் நாடியைப் பிடித்து நேரம் கணித்த ஒரு மாணவனின் கதையையும், அதை வைத்து மணிக்கூடு செய்த ஒரு ஒல்லாந்தரின் கதையையும் எழுதினேன். அந்த மனிதர் மணிக்கூடு செய்த காலத்தில்தான் அவருடைய நாட்டவர்கள் மன்னார்க் கோட்டையைப் பிடித்தார்கள். கந்தோர் என்பதே அலுவலகத்துக்கு அவர்கள் விட்டுப்போன சொல்; எங்களுக்குக் கந்தோர்தான் முதலில் வந்தது, மணிக்கூடு பிறகுதான் வந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பெண் வந்து மணிக்கூட்டின் முன் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கடயும் இதே மாதிரித்தான்,” என்றாள். “ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பதினொண்டுதான் அடிக்கும். பாத்திட்டுப் போறன்.”

நான் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு வரும்வரை இருந்தாள். மணிக்கூடு பன்னிரண்டு அடித்தது. அவளுடைய முகம் வாடிவிட்டது. எங்களுடையது இல்லை என்று எழும்பினாள். அந்த நேரம் பார்த்து சைக்கிள் கடைக்காரர் வாசலில் நின்றார்.

“அது நான் திருத்தினனான், அக்கா,” என்றார். “பல்லொண்டு தேஞ்சு கிடந்தது.”

அவள் அவரைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“ஏன் திருத்தினனீங்கள்?” என்று கேட்டாள்.

மறுநாள் மணிக்கூடு போயிருந்தது, ஒரு சட்டி தயிர் இருந்தது. ஆனால் வீட்டில் அது பன்னிரண்டு அடிக்கிறபோதெல்லாம் தனக்குத் திடுக்கிடுகிறது என்று அவள் கன காலம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி எல்லோருடைய சாமானும் வீடு போய்க்கொண்டிருக்க, என்னுடையது மட்டும் வரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வாழைப்பழத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பிறகு ஒரு நாள் கோல் வந்தது. யாருடைய கோழிக்கூட்டுக்கோ குறுக்குச் சட்டமாக இருந்திருக்கிறது. எண்களை எழுதியவன் குடித்துவிட்டு எழுதியிருக்கிறான், பிள்ளைகளுக்குக் காட்டாதையுங்கோ ரீச்சர் என்று கொண்டுவந்தவர் எச்சரித்தார். அடுத்த மாதம் முக்காலி வந்தது. அதன்மேல் முகம் கழுவுகிற பேசின் வைத்திருந்தார்களாம், ஆட்டம் இல்லாத நல்ல கால் என்றார்கள். நான் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. குழாய் வைத்திருப்பவர் கண்டால் மனம் இளகுவார் என்று முக்காலியை வாசலுக்கு நேரே நிறுத்தி வைத்தேன். மேலே ஒன்றுமில்லாமல் அது பல மாதம் நின்றது.

சைக்கிள் கடைக்காரர் திரும்ப ஒரு நாள் வந்தார். முக்காலியைப் பார்த்தார். பிறகு அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். கதவைத் திறந்தார், மூடினார், கதவைச் சட்டத்தோடு பிணைக்கிற பிணைச்சலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நல்ல அலுமாரி,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

“பிணைச்சலுக்குச் சைக்கிள் கம்பி போட்டிருக்கு.”

“ஓம். ஆரோ வேலை தெரிஞ்ச ஆள் போட்டிருக்கு.”

அவர் போய்விட்டார். மறுநாள் உழவு இயந்திரக்காரரிடம், நூதனசாலைக்கு இது பெரிசாகப் போய்விட்டது, சைக்கிள் கடையில் இறக்கிவிடுங்கோ என்று சொன்னேன். அலுமாரி இல்லாததால் மிஞ்சியிருந்த பொருட்களைப் பிள்ளைகள் உட்காருகிற வாங்கில் பரப்பினேன். சைக்கிள் கடைப் பக்கமிருந்து முட்டையோ தயிரோ வரவில்லை. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

அறுவடை முடிந்து ஊர் முழுக்க வைக்கோல் மணந்துகொண்டிருந்த ஒரு நாள் அவர் சைக்கிள் கரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சாக்குக்குள் லெவல் இருந்தது. பித்தளை பளபளவென்று மினுக்கியிருந்தது. நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

“காவலுக்கு எடுத்து வைச்சனாங்கள்,” என்றார். “நீங்கள் வந்தவுடன தந்திருக்கோணும். ஆனால் பழுது, ரீச்சர். எல்லாம் தலைகீழாக் காட்டுது. அவருக்கு என்ன நடந்தது எண்டும் தெரியேல்லை, இதில பழுதான சாமானைக் கொண்டுவந்து தந்தால் நீங்கள் என்ன நினைப்பீங்கள்? நானும் கழட்டிக் கழட்டிப் பாத்தன், பிடிபடேல்லை. மன்னார்ப் பட்டினத்தில மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருத்தர்தான் கடைசியில செய்து தந்தவர். மூண்டு தரம் போய்வந்தனான்.”

அப்போதுதான் பார்த்தேன். குழாயின் பின்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் பைப் பொருத்தியிருந்தது. அதற்குள் ஒரு வில்லை. ஜெர்மனிக்காரர் எழுதிவைத்த அதே மூன்றாவது வில்லை, ஆற அமரப் பயணம் செய்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரைச் சைக்கிளோடு சேர்த்துக் குளத்தில் தள்ளியிருப்பேன்.

“வாங்கோ, குளக்கட்டில வைச்சுப் பாப்பம்,” என்றார். அவருக்குப் பொறுக்கவில்லை.

கட்டுக்கரைக் குளத்துக் கட்டில் முக்காலியை நிறுத்தி லெவலைப் பூட்டினேன். அவர் கோலைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தூரத்தில் நின்றார். என் கணவர் கண் வைத்த இடத்தில் என் கண்ணை வைப்பதற்கு இத்தனை காலம் காத்திருந்தவள் குனிந்து பார்த்தேன். குளம் கீழே இருந்தது, வானம் மேலே இருந்தது. மருதமரங்கள் வேரில் நின்றன. சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து நின்று சிரித்தார். கோலின் எண்கள்தான் தலைகீழாக இருந்தன. எல்லாம் கொஞ்சம் மங்கல். வெறுங்கண்ணால் நான் தினமும் பார்க்கிற குளம்தான்.

“நேராத் தெரியுதோ, ரீச்சர்?” என்று கத்தினார்.

“நேராத் தெரியுது.”

“வடிவாத் தெரியுதோ?”

“வடிவாத் தெரியுது.”

அவருக்கு நல்ல சந்தோஷம். வந்து என் கையில் கோலைத் தந்துவிட்டு, கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று சைக்கிளில் ஏறிப் போனார். அவர் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு கொண்டையூசியால் திருகாணிகளைத் தளர்த்திப் பைப்பைக் கழற்றினேன். கண்வில்லையைப் பழையபடி குழாயிலேயே பொருத்தினேன். கோலைக் கொண்டுபோய் ஒரு மருதமரத்தில் சாய்த்துவிட்டு வந்து குனிந்தேன்.

வட்டம் வெளிச்சமாக இருந்தது. குளம் மேலே தொங்கியது, வானம் அதற்குக் கீழே கிடந்தது. மரங்கள் கீழ்நோக்கி வளர்ந்திருந்தன. கோலில் எண்கள் நேராக, அச்சடித்தது போல் தெரிந்தன. அவர் பார்த்தது இதைத்தான். ஆனால் இதையல்ல. கோலுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நீர் இஞ்ச வந்தால் அங்க கோலை ஆர் பிடிக்கிறது என்று அவர் கேட்டதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை, இப்போதும் பதில் இல்லை. ஆசைப்பட்ட இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அழுதேன். அழுதால் லெவலில் ஒன்றும் தெரியாது.

அந்த வருடக் கடைசியில் சுற்றுநிருபம் தொடர்பாக ஒரு அதிகாரி எங்கள் மூலையைப் பார்க்க வந்தார். அதற்குள் வாங்கிலும் எதுவும் மிஞ்சவில்லை. குறிப்புகள் மட்டும் சுவரில் ஒட்டியிருந்தன: கொரிய அரசன், இத்தாலி மாணவன், ஒல்லாந்தர், இன்னும் பலர். லெவல் முக்காலியில் நின்றது, பைப்போடு. அது காட்சிப் பொருள் இல்லை, எனது சொந்தச் சாமான் என்றேன். அவர் குறிப்புகளை எல்லாம் நின்று வாசித்தார். பொருட்கள் எங்கே என்று கேட்டார். வீட்டுக்குப் போய்விட்டன என்றேன். ஏதோ எழுதிக்கொண்டு, இருந்த வாழைப்பழத்தில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சைக்கிள் கடைக்காரர் யாராவது உறவினரைக் கூட்டிவந்து லெவலைக் காட்டுவார். அதனால் பள்ளிக்கூடத்தில் பைப்பை மாட்டியே வைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் கழற்றிவிட்டுக் குளக்கட்டுக்குக் கொண்டுபோவேன். இத்தனை வருடம் பராமரிப்பில்லாமல் கிடந்த வாய்க்கால்கள் தூர்ந்துபோய்க் கிடந்தன. மட்டம் பார்த்துத் தருகிறீர்களா என்று ஊரில் கேட்டிருந்தார்கள். கோலை மரத்தில் சாய்த்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை சைக்கிள் கடைக்காரர் கட்டு வழியே சைக்கிளில் வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. இறங்கி, வழக்கம்போலக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“திரும்பப் பழுதாப் போச்சு,” என்றார்.

“பழுதில்லை. இது அப்பிடித்தான். அவர் இப்பிடித்தான் பாத்தவர்.”

அவர் திரும்பவும் குனிந்து பார்த்தார்.

“அப்ப நான் மூண்டு தரம் பட்டினம் போனது?”

“பள்ளிக்கூடத்தில பைப்போடதானே நிக்குது,” என்றேன். “பிள்ளையளுக்கு நேராப் பாக்கத்தான் விருப்பம்.”

அது அவருக்கு ஓரளவு சமாதானமாக இருந்தது. மரத்தில் சாய்ந்திருந்த கோலைக் காட்டினார்.

“முந்தி ஆர் அதைப் பிடிக்கிறது?”

“நான்தான்.”

“அப்ப போய்ப் பிடியுங்கோ. நான் பாக்கிறன்.”

மட்டம் பார்க்க அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லாமல் நடந்து போனேன். கோலை எடுத்து, நிலத்தில் நிமிர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குப் பின்னால் குனிந்தார்.

“தலைகீழாத் தொங்கிறியள், ரீச்சர்,” என்று கத்தினார்.

கோல் பிடிக்கிறபோது பேசுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்தத் தூரத்தில் முகத்தைக் குழாய் மறைத்துவிடும். குனிந்த முதுகும் ஒரு பக்கத் தோளும்தான் தெரியும், அது எப்போதும் அப்படித்தான் தெரிந்தது.

பார்த்து முடிந்தால் வலது கையை உயர்த்த வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கோலைச் சரிக்காமல், வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.